பிறர் கேளாத ஒலியும் வைத்தியரின் வாய்மையும்

ஒருவர் தம் காதினுள் இடையறாது ஓர் ஒலி கேட்கின்றது என்கிறார். ஒருவருக்கு அது வண்டின் ரீங்காரம், இன்னொருவருக்குச் சீழ்க்கை, வேறொருவருக்குத் தொலைவில் ஓடும் இயந்திரத்தின் இரைச்சல். அருகில் அமர்ந்திருக்கும் மனைவிக்கோ மக்களுக்கோ அது கேட்பதில்லை. வைத்தியரின் கருவிக்கும் அது பெரும்பாலும் அகப்படுவதில்லை. பேச்சுவழக்கில் "காது இரைகிறது" என நாம் குறிக்கும் இந்நிலையைச் செவியிரைச்சல் என்பர். 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, உலகில் வளர்ந்தோருள் ஏறத்தாழ 14 சதவீதத்தினர் இதனை அனுபவிக்கின்றனர் எனவும், ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கு இது கடுமையான துன்பமாக அமைகின்றது எனவும் மதிப்பிட்டது. உறக்கம் இழந்தோரும், வாசிப்பில் மனம் செலுத்த இயலாதோரும், வாழ்வில் வெறுப்புற்றோரும் இவர்களிடையே உளர்.

கடந்த சில பத்தாண்டுகளாக இந்நோய்க்கு ஒரு புதிய சிகிச்சை பேசப்பட்டு வருகின்றது. மண்டையோட்டைத் திறவாமல், காந்தப் புலத்தாலோ மென்மையான மின்னோட்டத்தாலோ வெளியிலிருந்தே மூளையைத் தூண்டி, அங்கு எழும் பொய்யொலியை அடக்க முனைவது அது. அச்சிகிச்சை பயன் தருமா என்பது வைத்தியர் ஆராய வேண்டிய வினா. ஆயின் அவ்வினாவின் அடியில் அறம் பற்றிய வேறொரு வினாவும் உண்டு. பிறரால் அளக்க இயலாத ஒரு துன்பத்துக்கு, பயன் உறுதிப்படாத ஒரு சிகிச்சையை அளிக்கும் வைத்தியர், நோயாளிக்கு எதனைக் கடன்பட்டிருக்கிறார்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் இயல்பை நோக்குவோம். செவியிரைச்சல் செவியிலேயே பிறக்கின்றது என்பது இயல்பாக எழும் எண்ணம். பெரும்பாலும் தொடக்கம் அங்குதான். பேரொலியினாலோ முதுமையினாலோ உட்செவியிலுள்ள மயிர்க் கலங்கள் பழுதுறும்போது மூளைக்குச் செல்லும் செய்தி குறைகின்றது. குறைந்த செய்தியை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றது என்பது இன்று பலராலும் ஏற்கப்படும் விளக்கம். தொலைவிலுள்ள வானொலி நிலையம் தெளிவாகக் கேளாதபோது நாம் ஒலியைக் கூட்டினால், நிகழ்ச்சியோடு கரகரப்பும் பெருகுவதை இதற்கு ஒப்பிடலாம். சத்திரசிகிச்சையில் செவி நரம்பு வெட்டப்பட்ட பின்னரும் இரைச்சல் நீங்கப்பெறாத நோயாளர் பலர் உளர் என்னும் உண்மை, ஒலியின் உறைவிடம் செவியைக் கடந்தது என்பதற்குச் சான்றாகும். கையை இழந்தவர் இல்லாத கையில் நோவை உணர்வதனை டெக்கார்ட் 1641 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் தியானங்களில் எடுத்துக்காட்டினார். இல்லாத கையில் உள்ள நோவும் இல்லாத ஒலியின் கேள்வியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனலாம்.

இன்னும் ஒன்று. 1953 ஆம் ஆண்டில் ஹெலர், பேர்க்மன் என்னும் இருவர், கேள்திறன் இயல்பாக உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் அமரச் செய்து, கேட்பவற்றைக் கூறுமாறு பணித்தனர். அவர்களுள் 94 சதவீதத்தினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகக் கூறினர். எனவே ஒலி கேட்பது மட்டுமே நோயன்று. அதனோடு வாழ இயலாமையே நோய். ஒலிமானிகளின் துணையுடன் இரைச்சலின் உரப்பை ஒப்பிட்டுப் பார்த்தோர், பெருந்துன்பம் உறுவோரிலும் அது பெரும்பாலும் கேள்வி எல்லைக்குச் சற்றே மேற்பட்டது எனக் கண்டனர். ஒலியின் உரப்புக்கும் துன்பத்தின் அளவுக்கும் நெருங்கிய தொடர்பு காணப்படவில்லை. ஆகவே ஒலியை ஒருவாறு அளந்தாலும் துன்பத்தை அளந்தவராகோம்.

இங்கு அளவை நூலாரின் பாகுபாடு நமக்குத் துணைபுரிகின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரிலே காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளை விளக்குமிடத்துக் காண்டலை வகைப்படுத்துவர். அவ்வகைகளுள் ஒன்று தன்வேதனைக் காட்சி. அஃதாவது இன்ப துன்பங்களை உயிர் தானே நுகர்ந்து அறியும் அறிவு. உரை என்பது ஆங்கு நூலின் வாக்கையே சிறப்பாகக் குறிப்பினும், பொதுவகையில் நம்பத்தக்க பிறர் சொல்லால் அறியும் அறிவுக்கும் அப்பெயர் பொருந்தும். செவியிரைச்சல் நோயாளிக்குத் தன்வேதனைக் காட்சி. வைத்தியருக்கோ அது உரை மாத்திரமே. காய்ச்சலுக்கு வெப்பமானியும் எலும்பு முறிவுக்குக் கதிர்ப்படமும் வைத்தியருக்குத் துணை நிற்கின்றன. இங்கு நோயாளியின் சொல்லையன்றி வேறு துணை இல்லை. நோய் உண்டு என்பதற்கும் அச்சொல்லே சான்று. நோய் தணிந்தது என்பதற்கும் அச்சொல்லே சான்று.

விற்கன்ஸ்ரைன், இறந்தபின் 1953 இல் வெளிவந்த தம் மெய்யியல் ஆய்வுகளில், ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியினுள் ஒரு வண்டு உண்டு எனக் கூறிக்கொண்டு, பிறர் பெட்டியை எவரும் திறந்து பார்க்க இயலாத ஒரு நிலையைக் கற்பனை செய்தார். சொல்லின் பொருள் பெட்டிக்குள் இருப்பதைச் சார்ந்து நிற்கவில்லை என்பதே அவர் காட்ட விழைந்தது. மொழியைப் பற்றிய ஆய்வுக்கு அது போதுமானதாகலாம். ஆயின் வைத்தியர் முன் வந்து நிற்பவர் மொழியின் பொருளை விசாரிக்க வந்தவரல்லர். தம் பெட்டிக்குள் உள்ளது தம்மை உறங்கவிடுகின்றதில்லை என முறையிட வந்தவர். அவர் சொல்லை ஏற்பதா மறுப்பதா என்பது வைத்தியருக்கு அறிவுப் பிரச்சினை. அதனினும் மேலாக அறப் பிரச்சினை.

இனிச் சிகிச்சையின் வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். மின்சாரத்துக்கும் செவிக்கும் உள்ள உறவு பழையது. தாம் அமைத்த மின்கல அடுக்கை 1800 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த வோல்ற்றா, அதன் இரு முனைகளையும் தம் செவிகளினுள் செலுத்திப் பார்த்தார். தடித்த ஏதோவொன்று கொதிப்பது போன்ற ஒலி கேட்டதாகவும், ஆபத்து எனக் கருதி அச்சோதனையைத் தொடரவில்லை எனவும் அவர் எழுதினார். அடுத்த ஆண்டிலேயே, 1801 இல், தம் செவிகள் இரவும் பகலும் இரைவதாகத் தம் வைத்திய நண்பர் வேகலருக்கு எழுதிய இசைமேதை பீத்தோவன், பின்னர் அதே ஆண்டில் எழுதிய கடிதமொன்றில், மின்சாரத்தால் செவிநோய் தீரும் எனப் பேசப்படுவது பற்றி அவர் கருத்தை வினவினார். ஓராண்டுக்கு முன் செவியில் இரைச்சலை உண்டாக்கிய பொருளே செவிநோய்க்கு மருந்து என்னும் நம்பிக்கை எத்துணை விரைவிற் பரவியது என்பதை இஃது உணர்த்தும். துன்புறுவோரின் நம்பிக்கை சான்றுகளுக்காகக் காத்திருப்பதில்லை.

1831 இல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். மாறும் காந்தப் புலம் அண்மையிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும் என்பதே அதன் சாரம். 1985 இல் பிரித்தானியாவின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பாக்கரும் அவர்தம் துணைவரும் இத்தத்துவத்தைப் பயன்படுத்தி, தலையின் மேல் வைத்த கம்பிச்சுருளினூடாகக் கணநேர மின்துடிப்பைச் செலுத்தி, மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டினர். அப்போது கையின் தசைகள் அசைந்தன. காந்தப் புலம் எலும்பைத் தடையின்றி ஊடுருவுவதால் மேனியில் கத்தி படவில்லை. மெதுவாக, விநாடிக்கு ஒன்று என்னும் வீதத்தில் தொடர்ந்து செலுத்தப்படும் துடிப்புகள் மூளையின் அப்பகுதியின் கிளர்ச்சியைத் தணிக்கக் கூடும் எனப் பின்னர் அறியப்பட்டது. செவியிரைச்சலில் செவிப்புலத்துக்குரிய மூளைப் பகுதி மிகைக் கிளர்ச்சி உற்றிருக்குமாயின் அதனை ஏன் இவ்வாறு தணிக்கலாகாது என்னும் கேள்வி இயல்பாகவே எழுந்தது. 2003 இல் ஜேர்மனியில் றேகன்ஸ்பேர்க் நகர ஆய்வாளர் மூன்று நோயாளரிடம் இம்முறையைச் சோதித்த செய்தி வெளிவந்தது. பிறிதொரு முறையாக, ஒன்று அல்லது இரண்டு மில்லி அம்பியர் அளவிலான நேரோட்டத்தை உச்சந்தோலில் வைத்த மின்வாய்களினூடாகச் செலுத்துவதும் ஆராயப்பட்டது.

முடிவுகள் யாவை? ஐக்கிய அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் நிகழ்ந்து 2015 இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒருசாராருக்கு மெய்யான காந்தத் தூண்டலும் மறுசாராருக்குப் போலித் தூண்டலும் அளிக்கப்பட்டன. நாளொன்றுக்கு 2000 துடிப்புகள், பத்து நாட்கள். மெய்ச்சிகிச்சை பெற்ற 32 பேருள் 18 பேர் தணிவு கண்டனர். போலிச் சிகிச்சை பெற்ற 32 பேருள் 7 பேர் தணிவு கண்டனர். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயின் 2017 இல் ஜேர்மனியில் பல நிலையங்களில் 150க்கும் மேற்பட்டோரிடம் ஏறத்தாழ அதே அளவிலான சிகிச்சை சோதிக்கப்பட்டபோது, மெய்ச்சிகிச்சை போலிச் சிகிச்சையை விஞ்சவில்லை. அதற்கு முன்னரே, 2014 இல், அமெரிக்கச் செவி, மூக்கு, தொண்டை வைத்தியரின் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, செவியிரைச்சலுக்கு இம்முறையை வழமையான சிகிச்சையாகப் பரிந்துரைத்தல் ஆகாது எனக் கூறியிருந்தது. இதே காந்தத் தூண்டல் மனச்சோர்வுக்குரிய சிகிச்சையாக 2008 இல் அந்நாட்டு அரச நிறுவனத்தின் அனுமதியைப் பெற்றது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். கருவி வெறும் மாயமன்று. இந்நோய்க்கு அதன் பயன் நிலைநாட்டப்படவில்லை என்பதே உண்மை நிலை.

போலிச் சிகிச்சை என்பது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் அறிதல் தகும். காந்தச் சுருள் இயங்குகையில் "டக், டக்" என உரத்து ஒலிக்கும். அவ்வொலி செவிக்கு ஊறு செய்யலாம் என்பதால், செவிநோய்க்காக வந்தவரே செவியடைப்பான் அணிய வேண்டியிருக்கின்றது. போலிச் சுருளும் அவ்வாறே ஒலிக்கும். மூளையைத் தூண்டத்தக்க புலத்தை மட்டும் உண்டாக்காது. மின்னோட்ட முறையில் தொடக்கத்தில் சில விநாடிகள் மின்சாரம் பாய்ச்சித் தோலில் குறுகுறுப்பை உணரச் செய்தபின் நிறுத்திவிடுவர். நோயாளி தாம் பெறுவது எது என அறியார்.

இதனைக் கேட்போர் சிலர் வெறுப்புறக்கூடும். துன்புறுவோன் ஒருவன் தன் சொல்லை நம்பி வந்தவரிடம் முறையிடுகிறான். அவனுக்கு வெற்றுச் சுருளைக் காட்டி, அவன் "தணிந்தது" என்று கூறுவதையும் ஐயுறுவது அவன் சொல்லை அவமதிப்பதாகாதா? இவ்வாட்சேபம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. காலங்காலமாக இந்நோயாளர் கேட்ட சொற்கள் "எல்லாம் உமது மனப்பிரமை" என்பனவே. மீண்டும் ஒருமுறை அவர்கள் சொல்லை ஐயத்துக்கு உள்ளாக்குவது கொடுமையாகத் தோன்றும்.

ஆயின் இங்கு இரு கூற்றுகளை வேறுபடுத்தி நோக்க வேண்டும். "என் துன்பம் தணிந்தது" என்பது ஒரு கூற்று. "இக்காந்தத்தால் என் துன்பம் தணிந்தது" என்பது மற்றொரு கூற்று. முன்னையது தன்வேதனைக் காட்சி. அதற்கு நோயாளியே தலைவர். எவரும் அதனை மறுத்தற்கு உரிமையிலர். பின்னையது கருதல், காரிய காரணம் பற்றிய அநுமானம். அதில் நோயாளிக்கு வைத்தியரிலும் மேலான உரிமை இல்லை. வைத்தியருக்கும் நோயாளியிலும் மேலான உரிமை இல்லை. இருவரும் ஒருங்கே ஏமாறலாம். போலிச் சிகிச்சையுடன் ஒப்பிடும் ஆய்வு முதற் கூற்றை முழுமையாக நம்புகின்றது. ஏனெனில் தணிந்தோர் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு அவர்கள் சொல்லே அதன் ஒரே கணக்கு. அது ஐயுறுவது இரண்டாங் கூற்றை மட்டுமே. வேறு வகையிற் கூறின், அவ்வாய்வு கருவியையும், அதனை ஆக்கியோரின் ஆர்வத்தையும், வைத்தியரின் நம்பிக்கையையும் சோதிக்கின்றது. நோயாளியின் நாணயம் அங்கு சோதனைக்கு உள்ளாவதில்லை.

ஆய்வுக்கு வந்தோருள் பாதிப்பேருக்கு வெற்றுச் சுருளை வைப்பது அவர்களுக்கு உரிய நன்மையை மறுப்பதாகாதா என வேறொரு வினா எழலாம். மெய்ச்சிகிச்சை நன்மை தரும் என்பது முன்னரே உறுதியாயின் அது மறுப்பேயாகும். 1987 இல் பெஞ்சமின் பிறீட்மன் என்னும் அறிஞர், எச்சிகிச்சை சிறந்தது என்பதில் வைத்திய உலகினுள் மெய்யான கருத்து வேற்றுமை நிலவும்போதே இத்தகைய ஆய்வு அறத்துக்கு இசைந்தது என வாதிட்டார். 2015 ஆம் ஆண்டு முடிவையும் 2017 ஆம் ஆண்டு முடிவையும் அருகருகே வைத்து நோக்குவோர், இங்கு அத்தகைய ஐயநிலை உண்டு என்பதை மறுக்கமாட்டார். மேலும், போலி வரலாம் என்பதை முன்னரே கேட்டறிந்து உடன்படுவோரே ஆய்வில் சேர்க்கப்பட வேண்டும். அறிந்து உடன்பட்டவரிடம் எது கிடைத்தது என்பதைச் சிலகாலம் மறைப்பது ஏமாற்றமன்று. அஃது இருவரும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வரும்போதுதான் பிரச்சினை கூர்மை அடைகின்றது. போட்லண்டில் போலிச் சிகிச்சை பெற்ற 32 பேருள் 7 பேர் தணிவு கண்டனர் என்பதை மறத்தல் ஆகாது. அவர்தம் தணிவு பொய்யன்று. காலப்போக்கில் நோய் தானே தணிந்திருக்கலாம், ஒருவர் தம் சொல்லைப் பொறுமையுடன் செவிமடுத்தமையே ஆறுதலாக அமைந்திருக்கலாம், எதிர்பார்ப்பே மருந்தாகியிருக்கலாம். எவ்வாறாயினும் அன்றிரவு அவர்கள் உறங்கியிருப்பர். அவ்வாறாயின், "இக்கருவி உம்மைக் குணப்படுத்தும்" என ஒரு வைத்தியர் உறுதிபடக் கூறி, அவ்வுறுதியாலேயே நோயாளி தணிவு பெற்றால், அதில் என்ன தவறு? பயனையே அறத்தின் அளவுகோலாகக் கொள்வோர் இவ்வாறு வினவுவர். தீங்கு விளையாத பொய் வாய்மைக்கு நிகராகும் என்னும் கருத்து நம் மரபுக்கும் புதியதன்று. எந்நிலையிலும் பொய் ஆகாது எனக் கூறிய காண்டின் கடுமை, படுக்கையில் துயருறுவோன் முன் உயிரற்றதாகத் தோன்றக்கூடும்.

எனினும் இந்நோயில் பொய்க்கு இடமில்லை என்பதே என் துணிபு. அதற்குக் காண்டின் பொதுவிதியை நாட வேண்டியதில்லை. இந்நோயின் இயல்பே போதும். செவியிரைச்சலில் வைத்தியர் தம் அறிவு முழுவதையும் நோயாளியின் வாய்மையிலிருந்து பெறுகின்றார். அவர் கையில் வெப்பமானி இல்லை, கதிர்ப்படம் இல்லை. எவரும் கேளாத ஒன்றை ஒருவர் கூற, அதனை உண்மை என ஏற்றே அவர் தம் தொழிலைத் தொடங்குகிறார். அவ்வாறு பெற்றவர் திருப்பித் தருவது பொய்யாயின், அவ்வுறவில் நியாயம் எங்கே? "நான் உமது சொல்லை நம்புகின்றேன், நீரோ என் சொல்லை நம்பத்தகாது" என்பதே அதன் உட்பொருள். வாய்மையைக் கடனாகப் பெற்றவர் அதனை வாய்மையாலேயே அடைத்தல் வேண்டும்.

மேலும் அப்பொய்யின் தீங்கை முன்கூட்டியே அளக்க எவராலும் இயலாது. தணிவு பெறாதோர், "யாவருக்கும் பலித்தது எனக்குப் பலிக்கவில்லை" எனத் தம்மையே நொந்துகொள்வர். ஒரு சிகிச்சையிலிருந்து இன்னொன்றுக்கு அலைவோரின் பொருள் கரையும். அதனோடு நம்பிக்கையும் கரையும். நாளை மெய்யாகவே பயன்தரும் ஒரு முறை கண்டறியப்படினும் அதனை அவர்கள் ஐயத்துடனேயே நோக்குவர். காந்தத் தூண்டலால் அரிதாக வலிப்பு ஏற்படலாம் என்பதும் அறியப்பட்டதே. அச்சிறு ஆபத்தையும் ஏற்பதா என முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியே. பொய்யை அடிப்படையாகக் கொண்டு எவரும் அதனை முடிவு செய்ய இயலாது.

பொய்யின்றி ஆறுதல் அளிக்க இயலாது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. 2010 இல் ஐக்கிய அமெரிக்காவில் குடல் உபாதையுற்ற 80 பேரிடம் நிகழ்ந்த ஆய்வொன்றில், ஒருசாராருக்கு மருந்து எதுவும் அற்ற மாத்திரைகள், அவ்வுண்மை வெளிப்படையாகக் கூறப்பட்டே, கொடுக்கப்பட்டன. எதுவும் பெறாதோரை விட அவர்கள் கூடுதலான தணிவு கண்டனர். செவியிரைச்சலுக்கு இம்முடிவை அப்படியே பொருத்துதல் கூடாது. ஆயினும், உண்மை கூறினால் ஆறுதல் அழிந்துவிடும் என்னும் அச்சம் எங்கும் செல்லத்தக்கதன்று என்பதை அது காட்டுகின்றது.

அவ்வாறாயின் நேர்மையான வைத்தியர் என்ன கூறலாம்? "உமக்குக் கேட்பதை நான் நம்புகின்றேன். காந்தத் தூண்டலால் சிலர் தணிவு கண்டனர். போலித் தூண்டலாலும் சிலர் கண்டனர். இவற்றிடையே உறுதியான வேறுபாடு இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆய்வு ஒன்றில் சேர விரும்பின் சேரலாம். அதற்கிடையில் உமது துன்பத்தைக் குறைக்க வேறு வழிகளும் உள" என்று கூறலாம். அவ்வாறு கூறுதல் வெறுங்கையாய் அனுப்புதலன்று. கேள்திறன் குறைந்தோருக்குச் செவிப்புலக் கருவி உதவுகின்றது. எண்ணத்தையும் நடத்தையையும் பயிற்றும் உளச்சிகிச்சை, ஒலியை நிறுத்தாதாயினும், அது வாழ்வைக் கெடுப்பதைக் குறைக்கின்றது என 2020 ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று காட்டியுள்ளது. ஒலி நிற்பதும் துன்பம் நீங்குவதும் ஒன்றல்ல என்பதை முன்னரே கண்டோம். முன்னையது கைகூடாதபோதும் பின்னையது ஓரளவு கைகூடலாம்.

முடிவாகக் கூறின், மூளையை வெளியிலிருந்து தூண்டும் இம்முறை நாளை வெற்றி பெறலாம்; பெறாமலும் போகலாம். அதனை ஆய்வுகள் தீர்மானிக்கட்டும். அவ்வாய்வுகளும் இறுதியில் நோயாளர் தாமே கூறும் சொற்களைக் கூட்டிக் கணக்கிடுவன என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை வாய்மை என்பது சிகிச்சைக்குப் புறம்பான ஓர் ஒழுக்கவிதியாக நிற்பதில்லை. அதுவே சிகிச்சையின் அளவுகோல். நோயாளியின் சொல்லை ஏற்கும் பரிவும், தம் கருவியை ஐயுறும் துணிவும் ஒரே வைத்தியரிடம் அமைய வேண்டும். பரிவு மட்டும் உடையவர் நோயாளியோடு சேர்ந்து தாமும் ஏமாறுவர். ஐயம் மட்டும் உடையவர் அவரைத் தனிமையில் விட்டுவிடுவர். பிறர் கேளாத ஒலியுடன் வாழ்வோர் ஏற்கெனவே தனிமையில் இருப்பவர். அத்தனிமையை உண்மையுடன் பகிர்ந்துகொள்ளும் ஒருவரையே அவர்கள் வைத்தியர் என நாடிச் செல்கின்றனர்.